தினமும் எத்தனை நொடி தப்பும்னு முன்கூட்டியே சொன்ன தச்சர்! - கடிகார மனிதர் ஜான் ஹாரிசனின் கதை

திண்டிவனத்தில் சூரியன் உச்சிக்கு வந்து 38 நொடி கழித்துத்தான் விழுப்புரத்தில் உச்சிக்கு வருகிறது. நம்ப முடியலையா? கணக்கு ரொம்ப எளிது. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படின்னா ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். திண்டிவனம் இருப்பது 79.65 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், விழுப்புரம் 79.49-ல். நடுவில் 0.16 டிகிரி. பெருக்கிப் பாருங்க, 38 நொடி வந்துவிடும். சென்னையோடு ஒப்பிட்டால் விழுப்புரம் 3 நிமிடம் பின்தங்குகிறது.

இப்போ இதையே திருப்பிப் போடுவோம். திண்டிவனத்துச் சூரியனுக்குச் சரியாக வைத்த ஒரு வாட்ச்சை உங்கள் கையில் கட்டி, கண்ணையும் கட்டி எங்கோ கூட்டிப்போய் விடுகிறார்கள். அந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை வாட்ச்சில் பார்க்கிறீர்கள். 38 நொடி தாமதமா? அப்போ மேற்கே சுமார் 17 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். வடக்கு தெற்கைச் சூரியனின் உயரம் சொல்லிவிடும். ஆக, எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. வழியில் அந்த வாட்ச் தன்னிஷ்டத்துக்கு அரை நிமிடம்கூட முன்னே பின்னே ஓடியிருக்கக் கூடாது.

நமக்கு ஜி.எஸ்.டி ரோட்டில் ஊருக்கு ஊர் பெயர்ப்பலகை இருக்கு. நடுக்கடலில் என்ன இருக்கு? 1707 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்ற கணக்குத் தப்பி, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் சில்லி தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. சொந்த நாட்டுக் கரைக்குப் பக்கத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்துப்போனார்கள். ஏழு வருடம் கழித்து, 1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. கடலில் தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் சொல்ல வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு. அந்தக் காலத்தில் அது தலைமுறைக்கும் போதுமான சொத்து.

அரை டிகிரி என்றால் 2 நிமிடம். ஆறு வாரக் கடல் பயணத்தில் மொத்தமே 2 நிமிடம்தான் தப்பலாம், அதாவது நாளொன்றுக்கு 3 நொடிக்கும் குறைவு. அன்றைய நல்ல பாக்கெட் கடிகாரமே நாளுக்கு ஒரு நிமிடம் தப்பினால் ஆச்சர்யப்பட ஆளில்லை. கடிகாரத்தால் இது ஆகவே ஆகாது, வானத்து நிலாவையும் நட்சத்திரங்களையும் வைத்துத்தான் கணக்குப் போடணும் என்று பெரிய அறிவாளிகள் எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 

முடியும் என்று வந்தவர், கடிகாரக்காரரே இல்லை. தச்சர்!

ஜான் ஹாரிசன் 1693-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் பகுதியில் ஃபௌல்பி என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் தச்சர். சின்ன வயதிலேயே குடும்பம் பாரோ என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மரவேலை, சர்ச்சில் பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி, மணிகளைச் சுருதி சேர்ப்பது என்று வளர்ந்தவர். யாரிடமும் கடிகார வேலை கற்றதாகத் தெரியவில்லை. 20 வயதில், 1713-ல் முதல் கடிகாரத்தைச் செய்தார். சக்கரம், பல் எல்லாமே பெரும்பாலும் மரம். கையில் இருந்த பொருள் அதுதானே!

பிராக்கிள்ஸ்பி பார்க் என்ற பண்ணை மாளிகைக்கு 1722 வாக்கில் ஒரு கோபுரக் கடிகாரம் செய்து கொடுத்தார். அதில் எண்ணெயே கிடையாது. அந்தக் காலத்து எண்ணெய் குளிரில் உறையும், கொஞ்ச நாளில் பிசினாகும், கடிகாரம் தடுமாறும். ஹாரிசன் என்ன செய்தார் தெரியுமா? தானே வழுவழுப்பை விடும் ஒரு வெப்பமண்டல மரத்தில் உராயும் பாகங்களைச் செய்துவிட்டார். அந்தக் கடிகாரம் 300 வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த எதிரி, வெயில். உலோகக் கம்பி சூட்டில் நீளும். ஊசல் நீண்டால் கடிகாரம் மெதுவாகும். பித்தளை அதிகமாக நீளும், எஃகு குறைவாக நீளும். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்று கீழே நீட்டுவதை இன்னொன்று மேலே தூக்கிவிடும்படி ஒரு ஊசலைக் கட்டினார். எந்தச் சூட்டிலும் மொத்த நீளம் மாறாது. (லண்டனில் ஜான் ஷெல்டன் என்ற கடிகாரக்காரர் செய்து, கேப்டன் குக்கின் பயணங்களில் போன வானாய்வுக் கடிகாரங்களில் இந்தக் கம்பிக்கட்டு ஊசல்தான் இருந்தது. அதே ஷெல்டன் செய்த கடிகாரம் ஒன்று, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்துக்கும் வந்தது. இப்போது அது கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது.)

சரி, தன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று கிராமத்தில் எதை வைத்துச் சரிபார்ப்பது? மொபைலா இருந்தது! ஹாரிசனும் தம்பி ஜேம்ஸும் ராத்திரியில் ஜன்னல் சட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்து, பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் மறையும் நொடியைப் பிடித்தார்கள். எந்த நட்சத்திரமும் முந்தைய நாளைவிட 3 நிமிடம் 56 நொடி முன்னதாக அதே இடத்துக்கு வரும். கடிகாரமும் அதையே சொல்லணும். இப்படி இரவு இரவாக நின்று பார்த்து, மாதத்துக்கு ஒரு நொடிக்கு மேல் தப்பாத கடிகாரங்களைச் செய்துவிட்டார்கள். அப்போது உலகத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

1730-ல் ஹாரிசன் வரைபடங்களோடு லண்டன் போனார். வால்நட்சத்திரத்துக்குப் பேர் கொடுத்த எட்மண்ட் ஹாலிதான் அப்போது அரச வானியலாளர். அவர், ஜார்ஜ் கிரஹாம் என்ற பெரிய கடிகாரக்காரரிடம் அனுப்பினார். காலையில் ஆரம்பித்த பேச்சு ராத்திரி வரை போனது. கிரஹாம் கடனாகப் பணமும் கொடுத்து அனுப்பினார். திறமையைப் பார்த்ததும் எழுதித்தராமல் உதவும் ஆட்கள் எல்லாக் காலத்திலும் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஐந்து வருடத்தில் முதல் கடல் கடிகாரம் தயார். எடை 34 கிலோ! இன்று அதை எச்1 என்கிறார்கள். 1736-ல் அதைத் தூக்கிக்கொண்டு லிஸ்பனுக்குக் கப்பல் ஏறினார். மனுஷனுக்குக் கடல் ஒத்துக்கவே இல்லை, வாந்தி. திரும்பி வரும்போது கரை தெரிந்தது. மாலுமிகள் ஒரு முனையின் பெயரைச் சொல்ல, இல்லை, இது சுமார் 60 மைல் மேற்கே இருக்கும் லிசார்ட் முனை என்றார் ஹாரிசன். அவர் சொன்னதுதான் சரி.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பரிசைக் கேட்டிருப்பார்கள். தீர்க்கரேகை வாரியத்தின் கூட்டத்தில், எச்1-ஐக் குறை சொன்ன ஒரே ஆள் ஹாரிசன்தான். இன்னும் நன்றாகச் செய்யலாம், கொஞ்சம் பணம் கொடுங்கள் என்றார். 500 பவுண்டு அனுமதித்தார்கள். எச்2 வந்தது. அதிலும் கப்பல் திரும்பும்போது ஆட்டத்தில் தவறு வரும் என்று அவரே கண்டுபிடித்து, ஒதுக்கிவைத்தார். அடுத்து எச்3. அதோடு மல்லுக்கட்டியே 19 வருடம் போனது. ஆனால், எச்3-க்காக அவர் கண்டுபிடித்த ஒரு சமாச்சாரம் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பித்தளை, எஃகுத் தகடுகளை ஒன்றாக ஒட்டிய பட்டை. சூடானால் ஒரு பக்கமாக வளையும். இஸ்திரிப்பெட்டி சூடானதும் டக்கென்று தானாக அணைகிறதே, அதற்குள் இருப்பது இந்தப் பட்டையின் வாரிசுதான்.

இத்தனைக்கும் நடுவில் 1753-ல், தன் யோசனைப்படி ஜான் ஜெஃப்ரிஸ் என்ற லண்டன் கடிகாரக்காரரிடம் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு பாக்கெட் வாட்ச் செய்யச் சொன்னார். அது எதிர்பார்த்ததைவிட ஒழுங்காக ஓடியது. ஹாரிசனுக்குப் பொறி தட்டியது. இவ்வளவு வருடமும் பெரிய கடிகாரத்தைக் கப்பல் ஆட்டத்திலிருந்து காப்பாற்றப் பார்த்தோம். சின்னதாக, வேகமாகத் துடிக்கும் ஒன்றைச் செய்தால்? கப்பலின் மெதுவான ஆட்டம் அதை ஒன்றும் செய்யாதே!

1759-ல் பிறந்தது எச்4. 13 சென்டிமீட்டர் அகலம், சுமார் ஒன்றரைக் கிலோ. பார்த்தால் வெங்கலக் கிண்ணம் சைஸில் ஒரு பாக்கெட் வாட்ச், அவ்வளவுதான். நொடிக்கு 5 துடிப்பு.

உங்கள் வீட்டு பீரோவில் தாத்தாவின் எச்.எம்.டி ஜனதா இருக்கா? எடுத்துக் காதில் வைத்துப் பாருங்க. அதுவும் நொடிக்கு 5 துடிப்புதான். ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. நாளுக்கு ஒரு நிமிடம் தாமதம் என்றால், இத்தனை லட்சத்தில் வெறும் 300 துடிப்பு குறைகிறது. 5 நொடி என்றால் 25 துடிப்பு. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் மெக்கானிக் செய்வது இந்த 25 துடிப்பைத் தேடும் வேலை. பின்மூடியைக் கழற்றினால் பேலன்ஸ் வீலுக்கு மேலே ஒரு குட்டி லீவர் தெரியும். ரெகுலேட்டர் என்பார்கள். தலைமுடி மாதிரி சுருண்டிருக்கும் ஹேர்ஸ்பிரிங்கை அதன் இரண்டு ஊசிகள் பிடித்திருக்கும். லீவரை ஒரு பக்கம் தள்ளினால் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறையும், வாட்ச் வேகமாகும். மறுபக்கம் தள்ளினால் மெதுவாகும். தள்ளுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மயிரிழை அளவுதான்.

எச்4-ல் அதே ஹேர்ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ஊசிகளை ஹாரிசன் அந்த இரட்டை உலோகப் பட்டையின் முனையில் வைத்துவிட்டார். சாதாரண எஃகு ஹேர்ஸ்பிரிங் ஒரு டிகிரி வெப்பம் ஏறினாலே நாளுக்குச் சுமார் 10 நொடி மெதுவாகும். நம்ம ஊர் சித்திரை வெயிலை நினைச்சுப் பாருங்க! சூடு ஏற ஏறப் பட்டை தானே வளைந்து, ஊசிகளை நகர்த்தி, ஸ்பிரிங்கைச் சரிக்கட்டும். வாட்ச்சுக்குள்ளேயே ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்த மாதிரி.

1761 நவம்பரில் எச்4 ஜமைக்காவுக்குக் கிளம்பியது. ஹாரிசனுக்கு 68 வயது. அதனால் மகன் வில்லியம் கூடப் போனார். வழியில் கப்பலில் பீர் கெட்டுப்போய், எல்லோரும் மடேரா தீவை எப்போது பார்ப்போம் என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் கணக்கு ஒன்று சொல்ல, வில்லியம் வாட்ச்சைப் பார்த்து, மறுநாள் காலையில் தீவு தெரியும் என்று சொன்னார். தெரிந்தது. 81 நாள் கடலில் கழித்து ஜமைக்காவில் சோதித்தபோது, வாட்ச் தப்பியிருந்தது வெறும் 5 நொடி!

கொஞ்சம் நில்லுங்க. இந்த 5 நொடியில்தான் விஷயமே இருக்கு. எச்4 உண்மையில் தினமும் சுமார் 2.7 நொடி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. 81 நாளுக்குக் கூட்டினால் மூன்றரை நிமிடத்துக்கும் மேல். ஆனால் அதைக் கிளம்புவதற்கு முன்பே அளந்து வைத்திருந்தார்கள். வாட்ச் தப்பும், தினமும் இவ்வளவு தப்பும், அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று. கழித்த பிறகு மிச்சம் 5 நொடி.

கடிகாரத்தை நுணுக்கமாகச் சரிசெய்வது என்றால் தவறே இல்லாமல் ஓடவைப்பது என்று நாம் நினைக்கிறோம். ஹாரிசன் தேடியது தினமும் ஒரே அளவு தப்பும் கடிகாரத்தை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சர்வீஸ் செய்த பழைய வாட்ச்சுக்கு தினமும் ஒரே நேரத்தில் முழுதாகச் சாவி கொடுங்க. ராத்திரி ஒரே மாதிரி, முகம் மேலே பார்க்கப் படுக்க வையுங்க. காலையில் மொபைல் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நொடி முன்னே பின்னே என்று ஒரு வாரம் காலண்டர் தாளில் குறித்து வையுங்க. ஏழு நாளும் 20, 21, 20 என்று வேகம் காட்டினால் அது தங்கமான வாட்ச். மெக்கானிக் லீவரைத் தொட்டாலே சரியாகிவிடும். முதல் நாள் 20 வேகம், மறுநாள் 30 தாமதம் என்றால், சராசரி கிட்டத்தட்ட சரியாக இருந்தாலும் உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கு. அழுக்கோ, காய்ந்த எண்ணெயோ, பேலன்ஸில் சிக்கலோ. அப்போது ரெகுலேட்டரை எத்தனை தடவை நகர்த்தினாலும் வீண்.

இந்த எளிய உண்மையை வாரியத்துக்குப் புரியவைக்கத்தான் ஹாரிசனின் மிச்ச ஆயுள் போனது. ஜமைக்கா முடிவு அதிர்ஷ்டம் என்று சொல்லி, இன்னொரு சோதனை கேட்டார்கள். இந்த முறை பார்படோஸ் தீவு. அங்கே வாட்ச்சை மதிப்பிட முன்கூட்டியே அனுப்பப்பட்டவர்களில் ஒருவர், நெவில் மாஸ்கலின். நிலாவை வைத்துத் தீர்க்கரேகை காணும் எதிர்முகாமின் ஆள். போட்டியாளரே பரீட்சைப் பேப்பரையும் திருத்தினால் எப்படி இருக்கும்!

மாஸ்கலினுக்கு நம்ம ஊர் உறவு ஒன்று உண்டு. அவரின் தங்கை மார்கரெட்டைத்தான் ராபர்ட் கிளைவ் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணம் நடந்தது 1753-ல், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி சர்ச்சில்.

பார்படோஸுக்கு 47 நாள். எச்4 தப்பியது 39 நொடி. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருக்கும் அதே அளவு, அவ்வளவுதான். சட்டம் கேட்டதைவிட மூன்று மடங்கு துல்லியம். பரிசு கொடுத்தார்களா? இல்லை. 1765-ல் புதுச் சட்டம். வாட்ச்சைப் பிரித்து ரகசியம் முழுக்கச் சொன்னால் பாதிப் பணம். மற்றவர்களாலும் இதைச் செய்ய முடியும் என்று நிரூபித்தால்தான் மீதி. அதே வருடம் மாஸ்கலின் அரச வானியலாளர் ஆகி, வாரியத்திலும் உட்கார்ந்தார்.

ஹாரிசன் நிபுணர்கள் முன்னால் எச்4-ஐப் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டினார். திரும்பப் பூட்டிய வாட்ச்சைப் பிடுங்கிப்போய் கிரீனிச்சில் வைத்து மாஸ்கலின் பத்து மாதம் சோதித்தார். பிரித்துப் பூட்டிய எந்த வாட்ச்சும் பழைய ஓட்டத்தில் ஓடாது, புதிதாக அளந்து சரிசெய்யணும். இதைக் கடைத்தெரு மெக்கானிக்கே சொல்வார். எச்4 இப்போது நாளுக்கு 20 நொடி வரை வேகமாக ஓடியது. அதை வழக்கமான ஓட்டமாக எடுத்துக் கழிக்காமல், மொத்தத்தையும் பிழையாகவே எழுதி, ஆறு வாரப் பயணத்துக்கு இதை நம்ப முடியாது என்று அறிக்கை கொடுத்தார் மாஸ்கலின். மற்ற மூன்று கடிகாரங்களையும் ஸ்பிரிங் இல்லாத வண்டியில் ஏற்றி, லண்டன் தெருக்களில் குலுக்கிக்கொண்டு போனார்கள். அவற்றுக்காக முப்பது வருடம் கொடுத்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

மாஸ்கலினை முழு வில்லன் என்று சொல்லிவிடவும் முடியாது. அவர் 1767 முதல் வெளியிட்ட கடல் பஞ்சாங்கத்தால் ஆயிரக்கணக்கான மாலுமிகள் நிலாவை வைத்தே வழி கண்டார்கள். லார்கம் கெண்டல் என்பவர் எச்4-ஐ அப்படியே பார்த்துச் செய்த நகலுக்கு 450 பவுண்டு ஆனது. எந்தச் சாதாரண கேப்டனால் வாங்க முடியும்? அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடிகாரத்தைச் சோதித்த விதம் நியாயமானது இல்லை என்பதே என் எண்ணம்.

80 வயதை நெருங்கும் ஹாரிசன், மகனோடு சேர்ந்து இன்னொரு வாட்ச் செய்தார். எச்5. வாரியத்தை விட்டுவிட்டு நேராக மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட்டார்கள். 1772-ல் மன்னரே தன் சொந்த வானாய்வகத்தில் பத்து வாரம் சோதித்தார். ஆரம்பத்தில் தாறுமாறாக ஓடியது. பக்கத்து அலமாரியில் காந்தக் கற்கள் வைத்திருந்தது மன்னருக்கு ஞாபகம் வந்து, அதை எடுத்த பிறகு சரியானதாகச் சொல்கிறார்கள். (பழைய வாட்ச் திடீரென்று கண்டபடி வேகமாக ஓடினால் இன்றும் முதல் சந்தேகம் காந்தம்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீங்க.) முடிவில், நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு நொடிக்குள் பிழை. 1773-ல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. பல வருடங்களில் துண்டு துண்டாக வந்ததை எல்லாம் கூட்டினால் 23,065 பவுண்டு. ஆனால் பரிசு என்ற பேரில் அது கடைசி வரை அறிவிக்கப்படவே இல்லை. வேறு யாருக்கும்தான்!

கெண்டல் செய்த நகலை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றிய கேப்டன் குக், 1775-ல் திரும்பி வந்து அதை மனதார மெச்சினார். ஹாரிசன் உயிரோடு இருந்தபோதே அந்தச் செய்தி வந்தது. அடுத்த வருடம் மார்ச் 24-ல், தன் 83-வது பிறந்தநாளிலேயே இறந்துபோனார்.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் எளிய, மலிவான க்ரோனோமீட்டர்களைச் செய்தார்கள். மெட்ராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் சென்னையின் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் என்று கணக்கிட்டுச் சொன்னார். அந்த மெட்ராஸ் நேரத்தில்தான் பின்னாளில் இந்திய ரயில்கள் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. விழுப்புரத்துச் சூரியன் அந்த நேரத்துக்கு சராசரியாக 12 நிமிடம் பின்னால்தான் வருகிறது.

எச்1, எச்2, எச்3 மூன்றும் கிரீனிச்சில் இன்றும் ஓடுகின்றன. எச்4 மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் தேவைப்படும் வாட்ச் அது, ஓடினால் தேயும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹாரிசனுக்கு 2006-ல்தான் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். கல்லின் குறுக்கே, இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை ஓடுகிறது. அந்த இடத்தின் தீர்க்கரேகை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேற்கு 0 டிகிரி 7 நிமிடம் 35 நொடி. அங்கே சூரியன், கிரீனிச்சைவிட 30 நொடி தாமதமாக உச்சிக்கு வருகிறது.